கார்பெட் புல் எதுக்கு, சிறுபுள்ளடி இருக்கும்போது?

சித்திரை, வைகாசியில விருதுநகர்ல இருந்து சிவகாசிக்குப் போற ரோட்டைப் பார்த்தவங்களுக்கு இது தெரியும். ரெண்டு பக்கமும் கரிசக்காடு காஞ்சு, பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். சீமைக்கருவேலம் மட்டும் பச்சையா நிக்கும். அதுக்கு நடுவுல திடீர்னு ஒரு கல்யாண மண்டபம் வரும், இல்லைன்னா ஒரு காலேஜ், இல்லைன்னா ஒரு கம்பெனி ஆபீஸ். அதோட முன்வாசல்ல மட்டும் சதுரமா, கண்ணைப் பறிக்கிற பச்சையில ஒரு புல்தரை.

பக்கத்துலயே டேங்கர் லாரி நின்னு தண்ணி இறக்கிக்கிட்டு இருக்கும்.

அழகுக்குப் புல் வைக்கிறதுல தப்பு ஒண்ணும் இல்ல. வெயில்ல வர்றவனுக்கு கண்ணுக்குக் குளிர்ச்சியா நாலடி பச்சை வேணும்தான். ஆனா வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை, அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிலயே பெஞ்சு தீர்ந்துபோற மாவட்டம் இது. இங்க வருஷம் முழுக்க ஒரே பச்சையில புல்லை நிறுத்தி வைக்கிறதுன்னா என்ன செலவாகும்னு யாராவது கணக்குப் போட்டாங்களா?

போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா அது ஒரு லிட்டர். கோடையில நம்ம பக்கத்து வெயிலும் காத்தும் ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணியைப் புல்லுல இருந்து உறிஞ்சிரும். ஆயிரம் சதுர அடின்னா 93 சதுர மீட்டர். ஆக, ஒரு நாளைக்கு 465 லிட்டர். பிளாஸ்டிக் குடத்துக்கு 15 லிட்டர்னு வச்சா முப்பது குடத்துக்கு மேல. குடம் இவ்வளவுன்னு காசு குடுத்துத் தண்ணி வாங்குற தெருக்கள் இருக்கிற ஊர்ல, மிதிக்கக்கூட விடாத ஒரு புல்லுக்குத் தினம் முப்பது குடம்.

தண்ணி பாதிக் கதைதான். மீதிக் கதை யூரியா மூட்டையில இருக்கு.

கொரியன் கிராஸ், மெக்சிகன் கிராஸ்னு சதுர அடிக் கணக்குல புல் விக்கிறவங்க, பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து விரிச்சிட்டுப் போயிருவாங்க. ரெண்டு மாசம் நல்லா இருக்கும். அப்புறம் வெளுக்க ஆரம்பிக்கும். கரிசல் மண்ணுல சுண்ணாம்பு ஜாஸ்தி, காரத்தன்மை கூடுதல். மண்ணுல இரும்புச் சத்து இருந்தாலும் புல்லோட வேருக்கு எட்டாது. போன் போட்டா, “அண்ணாச்சி, யூரியா கொஞ்சம் விசிறுங்க, அன்னபேதி கரைச்சுத் தெளிங்க, பச்சை ஏறிரும்”பாங்க. ஏறவும் செய்யும். ஒரு மாசத்துக்கு.

அமெரிக்காவுல புல்தரைக்குக் காலங்காலமாச் சொல்ற அளவு, ஆயிரம் சதுர அடிக்கு ஒரு தடவைக்குச் சுமார் அரைக்கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து. அப்போ ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கிலோ யூரியா. அந்த ஊர் மண்ணுக்கும் குளிருக்கும் சொன்ன கணக்கு அது. நம்ம கரிசல் மாதிரிக் காரமான மண்ணுல, மதிய வெயில்ல யூரியாவை மேலாப்புல விசிறினா, கணிசமான பங்கு அமோனியா வாயுவா காத்தோட போயிரும். விசிறின அன்னைக்கு மூக்குல ஏறுற நெடி அதுதான். பத்தாததுக்குத் தண்ணி குறைஞ்சா இலை கருகிரும். அதனால யூரியா போட்ட கையோட இன்னும் ரெண்டு குடம் தண்ணி. நல்லா வளர்ந்ததும் வெட்டணும், வெட்டினதும் திரும்ப யூரியா.

(45 கிலோ மூட்டை 242 ரூபாய்க்கு, வேம்பு பூசுற செலவும் வரியும் தனியா, கிடைக்குதுன்னா மிச்சத்தை அரசாங்கம் மானியமாக் குடுக்குதுன்னு அர்த்தம். அந்த மானியம் வெள்ளாமைக்காகக் குடுக்கிறது. மண்டபத்து வாசலுக்காக இல்ல.)

தழைச்சத்துன்னா என்ன, நைட்ரேட்டுன்னா என்னன்னு சிவகாசிக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. வெடியுப்பைக் கையில அள்ளிப் பழகின ஊர். பொட்டாசியம் நைட்ரேட். கருமருந்துக்கு மூச்சுக்காத்து மாதிரி அது. அதே உப்பைத்தான் அருப்புக்கோட்டைப் பக்கம் சொட்டுநீர்ப் பாசனம் போட்ட சம்சாரி ‘13-0-45’னு பேர் போட்ட பையில வாங்கி, பருத்தி காய் பிடிக்கிற நேரத்துல தெளிக்கிறார். பட்டாசுக்குள்ள போனா வெடி, செடிக்குள்ள போனா சத்து. ரெண்டு இடத்துலயும் வேலை செய்யுறது நைட்ரஜன் சேர்ந்த அதே நைட்ரேட்தான்.

இந்த ரெட்டைக் குணம் உலகத்துக்கே பெரிய கதை. காத்துல அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன் இருக்கு, ஆனா செடியால அதை அப்படியே எடுத்துக்க முடியாது. 1909-ல ஃப்ரிட்ஸ் ஹேபர்ங்கிற ஜெர்மன் வேதியியலாளர் காத்துல இருக்கிற நைட்ரஜனை அமோனியாவா மாத்திக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருசாக்கினார். 1913-ல ஓப்பாவ்ங்கிற ஊர்ல ஆலை ஓட ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே முதல் உலகப்போர். உரத்துக்குன்னு கண்டுபிடிச்ச வித்தை குண்டு மருந்துக்கும் போச்சு. 1921 செப்டம்பர் 21-ல அதே ஓப்பாவ் ஆலையில உரக் குவியல் வெடிச்சு ஐந்நூறு பேருக்கு மேல செத்தாங்க. கெட்டியாகிப் போன உரத்தை உதிர்க்க வெடி வச்சிருந்தாங்க. அதுவரைக்கும் வழக்கமாச் செஞ்சுக்கிட்டு இருந்த வேலைதான். (இதை வாசிக்கிற சிவகாசிக்காரங்களுக்கு வயித்துல என்ன செய்யும்னு சொல்ல வேண்டியதில்ல.)

அந்த ஆலைக்குள்ள 200 மடங்கு காத்தழுத்தம் வேணும். 400, 500 டிகிரி சூடு வேணும். அப்பதான் நைட்ரஜன் மசியும்.

அதே வேலையை ஒரு சின்னச் செடியோட வேர்ல, மண்ணோட சூட்டுலயே, சத்தமில்லாம ஒரு பாக்டீரியா செஞ்சுக்கிட்டு இருக்கு. 1880-கள்ல ஹெர்மன் ஹெல்ரீகல்ங்கிற இன்னொரு ஜெர்மன்காரர் இதைச் சோதனை செஞ்சு நிரூபிச்சார். பயறு வகைச் செடிகளோட வேர்ல இருக்கிற முடிச்சுலதான் சூட்சுமம். பாசிப்பயறு போட்ட காட்டுல அடுத்த வெள்ளாமை நல்லா வரும்னு நம்ம பாட்டன் பூட்டனுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும், ஏன்னு மட்டும்தான் தெரியாது.

இங்கதான் குளோவர் வருது.

குளோவர்ங்கிறது குளிர் நாட்டுல தரையோட தரையாப் படர்ற ஒரு மூணு இலைச் செடி. பயறுக் குடும்பம். வெள்ளைப் பூ. ஐரோப்பாவுல, அமெரிக்காவுல புல்தரைக்கு யூரியா மூட்டைக்குப் பதிலா இதை விதைக்கச் சொல்லி இப்ப நிறையப் பேர் பேசுறாங்க. புதுசாக் கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல. 1940-கள் வரைக்கும் அமெரிக்கக் கடைகள்ல புல் விதைப் பொட்டலத்துலயே வெள்ளைக் குளோவர் விதையும் கலந்துதான் இருக்கும். புல்லுக்குத் தழைச்சத்தைக் குளோவர் குடுக்கும், ரெண்டும் சேர்ந்து பச்சையா நிக்கும்.

அப்புறம் என்ன ஆச்சு? ரெண்டாம் உலகப்போர் சமயத்துல 2,4-டிங்கிற களைக்கொல்லியைக் கண்டுபிடிச்சாங்க. 1945 வாக்குல கடைக்கு வந்தது. அகல இலைச் செடியைக் கொல்லும், புல்லை விட்டுரும். டேன்டெலியன் பூண்டைக் கொல்றதுக்காக அடிச்சா, கூடவே குளோவரும் செத்துச்சு. குளோவரை மட்டும் காப்பாத்த வழி கிடைக்கல. அதனால குளோவரையே களைன்னு எழுதிட்டாங்க! சோறு போட்டுக்கிட்டு இருந்தவனைத் துரத்திட்டு, அதே சோத்தை மூட்டையில வாங்க ஆரம்பிச்சாங்க. ஒரு மருந்து என்னத்தை விட்டு வைக்குதுங்கிறதை வச்சு எது நல்ல செடி, எது களைன்னு முடிவாயிருச்சு.

2,4-டி நம்ம மாவட்டத்துக்குப் புதுசு இல்ல. நெல்லுக்கும் சோளத்துக்கும் களை எடுக்க அடிக்கிறது உண்டு. பருத்திக்காரங்களைக் கேட்டா அதோட இன்னொரு முகத்தைச் சொல்லுவாங்க. பருத்திக்கு அது ஆகவே ஆகாது. பக்கத்துக் காட்டுல அடிச்ச மருந்து காத்துல வந்து பட்டாலே போதும், சோளத்துக்கு அடிச்ச தெளிப்பானைச் சரியாக் கழுவாம பருத்திக்கு எடுத்தாலும் போதும், புதுசா வர்ற இலை விரல் விரலா நீண்டு வெண்டை இலை மாதிரி ஆயிரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பருத்திக்குன்னே ஆராய்ச்சி நிலையம் வச்சு, எஸ்.வி.பி.ஆர். ரகங்களைக் குடுத்த மாவட்டம் இது. இங்க வாசல் புல்லுல முளைச்ச நாலு மூணிலைச் செடியைக் கொல்ல அந்த மருந்தைத் தெளிக்கிறது வெறும் வாசல் விஷயம் இல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் கடன் வாங்கிப் போட்ட பருத்தி நிக்குது.

களைக்கொல்லின்னதும் இன்னொரு சங்கதி. சிவகாசியில சொன்னா டக்குனு புரியும்.

1930-கள்ல நியூசிலாந்துல மேய்ச்சல் காட்டுல ராக்வொர்ட்ங்கிற ஒரு விஷப்பூண்டு பரவிருச்சு. அதைக் கொல்ல சோடியம் குளோரேட் தெளிக்கச் சொன்னாங்க. விவசாயிங்க தெளிச்சாங்க. தெளிக்கும்போது கால்சட்டையில பட்டுக் காஞ்சது. ராத்திரி குளிருக்கு அடுப்புப் பக்கத்துல கால்சட்டையைக் காயப் போட்டா, அது டமால்னு வெடிச்சது! கட்டுக்கதை இல்ல, மாஸி பல்கலைக்கழகத்து வரலாற்றாய்வாளர் ஜேம்ஸ் வாட்சன் இதை ஆராய்ஞ்சு எழுதி, 2005-ல இக் நோபல் பரிசு வாங்கினார். குளோரேட்டோட பஞ்சுத்துணி சேர்ந்தா என்ன ஆகும்னு தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கிற எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்லும். தீக்குச்சித் தலையில இருக்கிறது அதோட கூடப்பிறந்த பொட்டாசியம் குளோரேட். பட்டாசுல குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலக்கவே கூடாதுன்னு 1992-ல மத்திய அரசு தடை போட்டது. அப்பேர்ப்பட்ட சரக்கைப் பூண்டு கொல்லப் பயன்படுத்தியிருக்காங்க.

அதே நியூசிலாந்துதான் வெள்ளைக் குளோவரை வச்சே ஒரு பால் பொருளாதாரத்தைக் கட்டினது. ரை புல்லும் குளோவரும் கலந்த மேய்ச்சல் தரை. நல்ல மேய்ச்சல் காட்டுல குளோவர் வருஷத்துக்கு ஹெக்டேருக்கு நூறு, இருநூறு கிலோ நைட்ரஜனைக் காத்துல இருந்து இறக்கும். பல காலம் அவங்களுக்கு யூரியாவே பெருசாத் தேவைப்படல.

சரி, அப்ப சிவகாசியில குளோவர் விதைச்சுரலாமா?

கூடாது. வராது.

ஆன்லைன்ல ‘குளோவர் லான் சீட்ஸ்’னு பாக்கெட் விக்குது. படத்துல பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கும். வாங்கி ஏமாறாதீங்க. வெள்ளைக் குளோவருக்கு இருபது, இருபத்தஞ்சு டிகிரிதான் சுகம். ஊட்டி, கொடைக்கானல் புல்வெளியில தானா முளைச்சுக் கிடக்கும், குனிஞ்சு பார்த்தா தெரியும். விருதுநகர் சித்திரைக்கு, 38, 40 டிகிரிக்கு, அது தாங்காது. வடநாட்டுல மாட்டுக்குப் போடுற பெர்சீம்கூட குளோவர் வகைதான். 1904-ல எகிப்துல இருந்து சிந்து மாகாணத்துக்கு வந்தது. அதுவும் பஞ்சாப் குளிருக்குத்தான் சரி.

வெயில் மட்டும் தடை இல்ல. குளோவரோட வேர் முடிச்சுக்குன்னு தனி பாக்டீரியா இருக்கு, வேற பாக்டீரியாவோட அது கூட்டு வைக்காது. குளோவரே வளராத கரிசல்ல அந்த பாக்டீரியா எங்க இருக்கப் போகுது? விதை முளைச்சாலும் முடிச்சு பிடிக்காது. முடிச்சு பிடிக்காத குளோவர் யூரியா கேட்கிற இன்னொரு செடிதான்.

ஆனா தட்டப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, கொள்ளு, கடலை, சணப்பு... இந்தக் கூட்டத்துக்கான பாக்டீரியா நம்ம மண்ணுல எப்பவோ குடியிருக்கு. தலைமுறை தலைமுறையா வெள்ளாமை வச்ச மண்ணு. அந்தக் கூட்டத்துல சேர்ற, தரையோட படர்ற, மிதிச்சாலும் சாகாத, மூணு இலைச் செடி ஒண்ணு இருந்தா?

இருக்கு. நம்ம காலடியிலயே கிடக்கு. சிறுபுள்ளடி.

பேர் தெரியாட்டியும் எல்லாரும் பார்த்திருப்பீங்க. மழை பெஞ்ச பத்து நாள்ல பள்ளிக்கூட மைதானத்து ஓரம், கோயில் நந்தவனம், கண்மாய்க்கரை ஒத்தையடிப் பாதை, எங்க பார்த்தாலும் புல்லுக்கு நடுவுல நுழைஞ்சு கிடக்கும். மூணு மூணா இலை. ஒவ்வொண்ணும் சுண்டுவிரல் நகத்துல பாதி இருக்கும், நுனி உள்வாங்கி இதய வடிவத்துல. தண்டு தரையை ஒட்டி ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். இலைக் கக்கத்துல ஊதாவும் ரோஸும் கலந்த பொடிப் பூ. உக்கார்ந்து பார்த்தாத்தான் கண்ணுல படும். அப்புறம் வளைஞ்ச சின்னக் காய், கணுக் கணுவா. முத்தினா கணு கணுவாக் கழண்டு வேட்டி ஓரத்துல ஒட்டிக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிரும்.

இதைக் கார்பெட் புல்லுக்குள்ள பார்த்தாத்தான் தோட்டக்காரரைக் கூப்பிட்டு, “ஏப்பா, களை வந்திருக்கு, புடுங்கு”ங்கிறோம்.

ஒரு தடவை மழைக்கு அப்புறம், ஈரம் இருக்கும்போது, ஒரு கொத்தை மண்ணோட கிண்டி எடுத்துப் பாருங்க. இழுத்தா வராது, வேர் அறுந்து முடிச்சு மண்ணுலயே தங்கிரும். கொத்து வச்சு ஒரு சாண் ஆழம் பெயர்த்து, வாளித் தண்ணியில அலசணும். மண்ணு கரைஞ்சதும் வெள்ளை வேர்ல கடுகை விடச் சின்னதா உருண்டை உருண்டையா ஒட்டியிருக்கும். நகத்தால ஒண்ணைக் கீறுங்க. உள்ள ரத்தச் சிவப்பா, இல்லைன்னா ரோஸா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். பச்சையாவோ சாம்பலாவோ இருந்தா ஓய்ஞ்சு போச்சு. அந்தச் சிவப்பு நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன், லெக்ஹீமோகுளோபின். நைட்ரஜனை மசிய வைக்கிற நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டா கெட்டுப்போகும். பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேணும். ரெண்டுக்கும் நடுவுல நின்னு அளந்து அளந்து ஆக்சிஜன் குடுக்கிறது அந்தச் சிவப்பு. ஓப்பாவ்ல 200 மடங்கு அழுத்தத்துல செஞ்ச வேலை இந்தக் கடுகுக்குள்ள நடக்குது. பள்ளிக்கூடத்துல ஆறாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு இதைக் காட்டணும்; அதுக்கு லேப் வேண்டாம், ஒரு வாளித் தண்ணி போதும்.

இன்னொண்ணு, யூரியா போட்ட தரையில இந்த முடிச்சு சரியா உருவாகாது. சும்மா கிடைக்கிற நைட்ரேட்டைப் பார்த்ததும் செடி பாக்டீரியாவுக்குச் சோறு போடுறதைக் குறைச்சிரும். அதனால பாதி யூரியா, பாதி சிறுபுள்ளடின்னு நடுவாந்திரமா ஓட்ட முடியாது. மூட்டையை நிறுத்தினாத்தான் இது வேலைக்கு வரும்.

தனியா சிறுபுள்ளடி மட்டும் போதுமான்னா, அருகம்புல்லையும் சேர்த்து விடுறதுதான் நல்லது. பிள்ளையாருக்குப் போடுற அதே அருகம்புல்தான். வெளிநாட்டுல ‘பெர்முடா கிராஸ்’னு பேர் வச்சு கோல்ஃப் மைதானத்துல போடுறதும் அதேதான். வெயிலுக்குக் காஞ்சாலும் மண்ணுக்கடியில கிழங்குத்தண்டு உயிரோட இருக்கும். அருகு மேல ஓடும், சிறுபுள்ளடி அதுக்கு இடையில நுழையும். உதிர்ற இலையும் சாகிற வேரும் மக்கி அருகுக்குச் சத்தாகும்.

நிழல் விழற, ஈரம் கொஞ்சம் நிக்கிற இடத்துக்குப் பொடுதலை. பொடுகுக்குத் தைலம் காய்ச்சுற அதே பொடுதலை. இது பயறு வகை இல்ல, நைட்ரஜன் பிடிக்காது, ஆனா தரையை மூடுறதுல இதை அடிச்சுக்க ஆள் இல்ல. கண்மாய்க்கரையில, வாய்க்கா வரப்புல பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். சின்ன உருண்டையா வெள்ளையும் ஊதாவும் கலந்த பூ. ஜப்பான்ல உத்சுனோமியா பல்கலைக்கழகத்துல இதையே தேர்ந்தெடுத்துச் சீர்படுத்தி, ‘குராபியா’ன்னு பேர் வச்சு, புல்தரைக்கு மாத்தா கலிஃபோர்னியா வரைக்கும் விக்கிறாங்க. நாம கொரியாப் புல்லைக் காசு குடுத்து வாங்குறோம், அவங்க நம்ம கண்மாய்க்கரைச் செடியைக் காசாக்குறாங்க. (எச்சரிக்கையும் சொல்லணும். ஆஸ்திரேலியாவுல இதோட தென்னமெரிக்கச் சொந்தக்காரச் செடி ஒண்ணை அழகுக்குன்னு கொண்டுபோய், அது ஆத்தோரக் களிமண் காடெல்லாம் பரவி மேய்ச்சலையே கெடுத்திருச்சு. வெளியூர்ச் செடியைக் கொண்டுவந்தா வர்ற வினை அது. நம்ம பொடுதலை இந்த மண்ணுலயே பிறந்து வளர்ந்தது.)

பூவுன்னா தேனீ வரும். பொடுதலை பூத்த தரையில செருப்பில்லாம பிள்ளைகளை ஓட விடாதீங்க. மத்தபடி, வண்ணத்துப்பூச்சி வர்றதைப் பார்க்க அதை விட நல்ல இடம் இல்ல. சிறுபுள்ளடி மாதிரிப் பயறுச் செடிகள்ல கட்டைவிரல் நகம் அளவுல ஒரு நீலப்பூச்சி முட்டை வைக்கும். காலையில தரையை ஒட்டிப் பறந்துக்கிட்டே இருக்கும்.

காலேஜ், மில்லு மாதிரி ஏக்கர் கணக்குல சும்மா கிடக்கிற இடத்துக்குச் சிறுபுள்ளடியும் பொடுதலையும் பத்தாது. அதுக்கு முயல் மசால் இருக்கு. மழை 450 மில்லிமீட்டர் பெஞ்சாலே வளரும்னு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி மேய்ச்சலுக்குச் சிபாரிசு பண்ற பயறு வகைத் தீவனம். கொழுக்கட்டைப் புல்லோட கலந்து விதைப்பாங்க. முழங்கால் உயரம் வரும், அறுத்து ஆட்டுக்குப் போடலாம். ஆடு மேயாம இருக்கணும்னா கொளுஞ்சி. ரோட்டோரம் தானா முளைக்கும், ஆடு மாடு வாய் வைக்காது. அந்தக் காலத்துல நெல்லு வயலுக்கு மிதிச்ச பசுந்தாள் உரம் அதுதான்.

பட்டாசு ஆலைக்காரங்க இதை வாசிச்சா ஒண்ணு கட்டாயம் சொல்லணும். மருந்து அறையைச் சுத்தி, சரக்கு வைக்கிற கிடங்கைச் சுத்தி, காஞ்ச புல்லும் புதரும் இருக்கவே கூடாதுன்னு வெடிபொருள் உரிமத்துல நிபந்தனை இருக்கு. அது உயிர் காக்கிற நிபந்தனை. அந்த இடத்துல எந்தச் செடியும் வேண்டாம், வெறும் தரைதான் சரி. முயல் மசாலும் கொழுக்கட்டைப் புல்லும் கோடையில காஞ்சா நல்லா எரியும். அதை அறைகள் பக்கம் கொண்டுபோறதை நினைக்கவே கூடாது.

ஆனா ஆலை வளாகம்னா அது மட்டும் இல்லையே. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விடணும்ங்கிறதால எல்லா ஆலையும் பெரிய பெரிய காடுதான். கேட்டுப் பக்கம், ஆபீஸ் முன்னால, சாப்பாட்டு நேரத்துல பொம்பளைங்க தூக்குவாளியைத் திறந்து உக்கார்ற வேப்பமரத்தடி, இதெல்லாம் அறைகளை விட்டு ரொம்பத் தள்ளி. அங்கயும் எல்லாத்தையும் சேர்த்துக் களைக்கொல்லி அடிச்சு மொட்டையாக்கிற பழக்கம் இருக்கு. (கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளுங்க மட்டும்தான் அடிக்கணும்னு 2022 அக்டோபர்ல மத்திய அரசு உத்தரவு போட்டது.) அடிச்சு மொட்டையான தரையில அடுத்த மழைக்கு என்ன முளைக்குதுன்னு பார்த்திருக்கீங்களா? நெருஞ்சியும் பார்த்தீனியமும். ஒண்ணு காலைக் குத்தும், இன்னொண்ணு தோல்ல அரிப்பு, மூச்சிரைப்பு. பகல் முழுக்க மருந்துப் பொடியில உக்கார்ந்து வேலை பார்க்கிறவங்க, சாப்பிடுற அரைமணி நேரமாவது நல்ல தரையில உக்காரணும். அந்த மரத்தடிக்கு சிறுபுள்ளடியும் அருகும் போதும். காஞ்சாலும் தரையோட தரையாத்தான் கிடக்கும், உயரமா நின்னு எரிய அதுல ஒண்ணும் இல்ல.

எப்படிப் போடுறது?

புரட்டாசி கடைசியில தொடங்குங்க. தரையைக் கொத்திக் கல்லைப் பொறுக்கிட்டு, முதல் மழைக்குக் காத்திருங்க. சிறுபுள்ளடிக்கு விதை தேடி அலைய வேண்டாம், பொடிக் காயைப் பொறுக்கி மாளாது. கண்மாய்ப் பக்கமோ மைதானத்து ஓரமோ இருக்கிற கொத்தை உள்ளங்கை அளவுக்கு மண்ணோட பெயர்த்து ஒரு அடிக்கு ஒண்ணா நடுங்க. அந்த மண்ணோடயே பாக்டீரியாவும் வந்துரும். பொடுதலைக் கொடியைக் கணுவோட கிள்ளி அரை அடிக்கு ஒண்ணாச் சொருகினாப் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில ஓட ஆரம்பிச்சிரும். மழை ஏமாத்தினா மட்டும் முதல் ஒரு மாசத்துக்குத் தண்ணி காட்டுங்க. யூரியா கூடவே கூடாது. தையில ஒரு தடவை, இடையில வளர்ற உயரமான பூண்டைக் கையால எடுத்துருங்க.

பங்குனிக்கு மேல இது வெளுக்கும். சித்திரையில பாதிக்கு மேல பழுப்பாயிரும். அதை ஏத்துக்க மனசு இருந்தா மட்டும் இதைப் போடுங்க. ஏன்னா அந்தப் பழுப்பைப் பார்த்துப் பதறி யூரியா மூட்டையைப் பிரிக்கிறவங்க மறுபடியும் அந்த முப்பது குடத்துக்கே வந்துருவாங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காடே பழுப்பா இருக்கும்போது வாசல் மட்டும் அயர்லாந்து மாதிரி இருக்கணும்னு எந்தச் சாமி கேட்டது? கோடை மழை ஒண்ணு விழுந்தாலே கணுவுல பச்சை எட்டிப் பார்க்கும்.

முயல் மசால் போடுறவங்களுக்கு ஒரு நுணுக்கம். விதைத் தோல் ரொம்பக் கெட்டி, அப்படியே விதைச்சா பாதி முளைக்காது. 80 டிகிரி சூட்டுல, அதாவது கொதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இறக்கின தண்ணியில நாலு நிமிஷம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணியில ராத்திரி முழுக்க ஊற வைங்க. காலையில நிழல்ல உலர்த்தி, மணலோட கலந்து விசிறுங்க. விசிறி விதைக்க ஹெக்டேருக்குப் பத்து கிலோங்கிறது கணக்கு. ஆயிரம் சதுர அடிக்கு நூறு கிராம் தாராளம். பக்கத்து வேளாண் விரிவாக்க மையத்துல பயறுக்கான ரைசோபியம் பொட்டலம் கிடைச்சா, ஆறின வடிகஞ்சியில குழைச்சு விதைமேல பூசி அரைமணி நேரம் நிழல்ல வச்சிட்டு, ஈரம் காயுறதுக்குள்ள விதைச்சிருங்க.